குதிரையின் நிறம் என்ன?

சென்ற திங்களில் ஒருநாள் நம் இல்லத்துக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர் ஒரு வினாவை எழுப்பினார். அவர் ஆம்பூரில் நம் பங்காளி வீட்டுப் பிள்ளை; பெங்களூரில் கணிப்பொறி நிறுவனம் ஒன்றில் பணியாற்றுபவர். "பெரியப்பா, சினிமாவுக்குக் கொடுத்த காசு திரும்பி வருவதில்லை. ஓட்டலில் உண்ட காசும் திரும்பி வருவதில்லை. பந்தயத்தில் போன காசுக்கு மட்டும் ஏன் இத்தனை பழி? அதையும் ஒரு பொழுதுபோக்குச் செலவாகக் கொண்டால் என்ன?" என்றார்.

வினா எளியது, விடை அத்துணை எளியதன்று. 'சூது தீது' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். அலசூர் ஏரிக்கரையில் 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பட்ட சிலையில் வீற்றிருக்கும் வள்ளுவப் பெருந்தகை, 'சூது' என்றே தனி அதிகாரம் ஒன்று வகுத்திருக்கிறார். சூதில் கிடைக்கும் வெற்றியை அவர் தூண்டில் முள்ளுக்கு ஒப்பிட்டதையும் நாம் அறிவோம். ஆயினும், அந்தப் பிள்ளைக்கு அறவுரை மட்டும் கூற நமக்கு நா எழவில்லை. நாமே அத்தூண்டிலை ஒருகாலத்தில் கவ்வியவராதலின், கண்டதைக் கண்டவாறு சொல்லுவதே முறை என்று தோன்றியது. அன்று அவரிடம் கூறியதையே நம் சங்கத்துக் குடும்பங்களுக்கும் இங்கே எழுதுகின்றோம்.

நாம் 1979ஆம் ஆண்டில் பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்தோம். ஸ்ரீராமபுரத்தில் ஓர் ஒண்டுக்குடித்தனம். தொழிற்சாலையில் கடைசல் பொறியில் வேலை. வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளைப் போல் நம்மை வாட்டியவை வேறில்லை. மொழி பழகவில்லை, உறவினர் எவரும் அருகில் இல்லை. லால்பாக்கையும் கப்பன் பூங்காவையும் எத்தனை முறைதான் சுற்றுவது? அக்காலத்தில் உடன் வேலை செய்த நண்பர் ஒருவர், ரேஸ் கோர்ஸ் ரோட்டிலுள்ள பந்தயத் திடலுக்கு நம்மை அழைத்துச் சென்றார். 1983இன் கோடைக்காலப் பந்தயங்கள் நடந்துகொண்டிருந்த சமயம் அது. பெங்களூரில் பந்தயம் கோடையிலும் குளிர்காலத்திலுமாக இருபருவம் நடைபெறும். இரு பருவங்களுக்கும் தனித்தனியே டெர்பி என்னும் பெரும்பந்தயம் உண்டு.

அம்முதல் நாளை நாம் இன்றளவும் மறந்தோமில்லை. பந்தயத்துக்கு முன்னே குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டும் 'பேடாக்' என்னும் வேலியின் ஓரத்தில் நின்றோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. பளபளவென்று தேய்த்துவிடப்பட்ட மேனியோடு ஒவ்வொன்றாக அவை நடந்து வந்தன. ஒரு கருங்குதிரை வால் ஓயாமல் வீசிக்கொண்டிருந்தது. மற்றொன்று, தன்னைப் பிடித்து வந்த பையனின் தோளில் மூக்கை உரசியது. வண்ண வண்ணப் பட்டுச் சட்டை அணிந்த ஜாக்கிகள் எடை பார்க்கப்பட்டு வந்து ஏறினர். வல்ல குதிரைக்கு அதிகப் பளுவும் மெலிந்த குதிரைக்குக் குறைந்த பளுவும் வைத்து, வெற்றி வாய்ப்பைச் சமன் செய்யும் 'ஹாண்டிகேப்' முறையை நண்பர் விளக்கினார். நாம் மொத்தம் முப்பது ரூபாய் கொண்டு சென்றிருந்தோம். அதில் இருபத்திரண்டு ரூபாய் போயிற்று. எஞ்சிய காசுக்கு வேர்க்கடலையும் தேநீரும் வாங்கிக்கொண்டு, அக்கருங்குதிரை ஓடிய ஓட்டத்தைப் பேசியவாறே மெஜஸ்டிக் வழியாக நடந்து வீடு திரும்பினோம். அந்த இருபத்திரண்டு ரூபாய் நட்டமென்று அன்று எமக்குத் தோன்றவேயில்லை.

இளைஞர் கூறிய 'பொழுதுபோக்குச் செலவு' என்பது அன்று முற்றிலும் பொருந்தும். அதனை மறுப்பதற்கில்லை.

ஆயினும், எப்பொருளையும் வாங்குபவன் அதன் விலையை அறிந்து வாங்க வேண்டுமன்றோ? பந்தயத்தின் விலை சீட்டில் அச்சிட்ட தொகையன்று. அதைக் கணக்கிட்டே அறிதல் வேண்டும். 'டோட்' என்று சொல்லப்படும் முறையில் எல்லாருடைய பணமும் ஒரே நிதியில் சேர்கின்றது. அதிலிருந்து வரியும் நடத்துவோரின் பங்கும் கழிக்கப்பட்டு, எஞ்சியது வென்றவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகின்றது. நூறு பேர் ஆளுக்கு நூறு ரூபாய் கட்டினால் பத்தாயிரம் ரூபாய். கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு, கழிவு நூற்றுக்கு இருபது என்று கொள்வோம். எட்டாயிரம் ரூபாய் எஞ்சும். வென்ற குதிரையின்மேல் பதினாறு பேர் கட்டியிருந்தால் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் கிடைக்கும். அப்பதினாறு பேரும் மகிழ்வர். எண்பத்து நான்கு பேர் வெறுங்கையோடு நிற்பர். எவர் வென்றாலும் தோற்றாலும், நூறு பேரும் சேர்ந்து இரண்டாயிரம் ரூபாயை அங்கே விட்டுச் செல்கின்றனர். ஆக, நூறு ரூபாய்ச் சீட்டு ஒன்றின் உண்மையான சராசரி விலை இருபது ரூபாய்.

இவ்வளவோடு நின்றால் நன்று. ஆனால், எஞ்சியதையும் அடுத்த பந்தயத்தில் கட்டுவதே மாந்தர் இயல்பு. முதற் பந்தயத்தில் நூறு எண்பதாகும். இரண்டாவதில் அது அறுபத்து நான்காகும். இவ்வாறு எட்டுப் பந்தயங்கள் வரை சராசரிக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், மாலையில் எஞ்சுவது ஏறத்தாழப் பதினேழு ரூபாயே. குதிரை எதுவாயினும், ஜாக்கி எவராயினும், இக்கணக்கு மாறுவதில்லை.

இன்று அவ்விலை முன்னினும் ஏறியிருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல், பந்தயத்தில் வைக்கும் தொகை முழுவதன் மீதும் 28 விழுக்காடு சரக்கு சேவை வரி விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அன்றியும், பந்தயத்தில் வென்ற பணத்துக்கு 30 விழுக்காடு வருமான வரி உண்டு; சீட்டு வாங்கித் தோற்றவர் அத்தோல்வியை அந்த வெற்றியில் கழித்துக் காட்டவும் சட்டம் இடம் தருவதில்லை. வெற்றியில் அரசுக்குப் பங்குண்டு. தோல்வி நமக்கே உரியது.

'குதிரைப் பந்தயம் திறமையின்பாற்பட்டது என்று உச்ச நீதிமன்றமே கூறிவிட்டதே!' என்று சிலர் வாதிடுவர். உண்மைதான். தமிழகத்தில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்மேல் எழுந்த வழக்கில், பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்ததேயன்றி வெறும் அதிர்ஷ்டமன்று என 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, பளு, தரையின் ஈரம் ஆகியவற்றை ஆராய்வதற்கு அறிவு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அன்பர்களே, நம் அறிவு மட்டுமா அங்கே வேலை செய்கின்றது? நம் பக்கத்தில் நிற்பவரும் அதே புத்தகத்தைப் படித்தவரே. எல்லாரும் சிறந்ததென்று கருதும் குதிரையின்மேல் பணம் குவிகின்றது. குவியவே, அது வென்றால் கிடைக்கும் தொகை சுருங்குகின்றது. பிறரைவிட நாம் அறிந்திருந்தால் மட்டும் போதாது. அந்தக் கழிவையும் ஈடுசெய்யுமளவுக்கு மிகுதியாக அறிந்திருத்தல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் வரும் கடைசல்காரருக்கு அது கைகூடுவதோ?

இவற்றையெல்லாம் அக்காலத்தில் நாம் அறிந்தோமில்லை. ஆறேழு ஆண்டுகள் முப்பதும் ஐம்பதுமாகச் சென்று வந்தோம். 1991இன் மழைக்காலத்தில் ஒருநாள், தொடர்ந்து மூன்று பந்தயங்களின் வெற்றியைக் குறித்துச் சொல்ல வேண்டிய சீட்டொன்று நமக்கு விழுந்தது. இரண்டாயிரத்துக்கு மேல் கிடைத்தது. அன்று பிடித்தது சனி. வென்ற பணத்தைப் பரிசு என்று எண்ணாமல், நம் மதிநுட்பத்துக்குக் கிடைத்த கூலி என்று எண்ணிவிட்டோம். தொகை ஐம்பதிலிருந்து இருநூறாயிற்று, இருநூறு ஐந்நூறாயிற்று. நண்பர் நம்மோடு வருவதை நிறுத்திக்கொண்டார். 'உம்மோடு வந்தால் பேச்சுத் துணையே இல்லை ஐயா' என்றார். அச்சொல்லின் பொருள் அன்று நமக்கு விளங்கவில்லை.

ஆம்பூரில் நம் அன்னையாருக்கு இரு கண்ணிலும் புரை வளர்ந்திருந்தது. சிகிச்சைக்கென்று நம் மனைவியார் சீட்டுக் கட்டிச் சேர்த்த நாலாயிரம் ரூபாயைப் பெட்டியில், திருமணப் பட்டுச் சேலையின் மடிப்பில் வைத்திருந்தார். 1992ஆம் ஆண்டு பொங்கலுக்கு ஊர் செல்லும்போது அன்னையாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதாக ஏற்பாடு. பொங்கலுக்கு முந்திய வாரம், அதுவரை இழந்ததை ஒரே நாளில் மீட்டுவிடலாம் என்னும் எண்ணத்தோடு அப்பணத்தை எடுத்தோம். 'திருடினோம்' என்று எழுதுவதே சரி. அன்று மாலை ஐந்தரை மணிக்கு நம் சட்டைப்பையில் பேருந்துக்கான சில்லறையும் இருக்கவில்லை. ஸ்ரீராமபுரம் வரை நடந்தோம்.

மனைவியார் அதற்குள் பெட்டியைத் திறந்து பார்த்திருந்தார். நாம் வசவை எதிர்பார்த்தோம், அழுகையை எதிர்பார்த்தோம். அவரோ, சோற்றைப் பரிமாறிவிட்டு, எதிரில் அமர்ந்து, மெல்லிய குரலில் ஒன்று கேட்டார்: "நாலாயிரம் ரூபாய் கொடுத்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். முன்பெல்லாம் வந்ததும் வராததுமாகக் குதிரைக் கதை சொல்லுவீர்களே. இன்றைக்கு ஓடிய குதிரை என்ன நிறம்? அதையாவது சொல்லுங்களேன்."

எண்ணிப் பார்த்தோம். ஒரு குதிரையின் நிறமும் நினைவுக்கு வரவில்லை. பேடாக்கின் பக்கம் நாம் போகவேயில்லை. எட்டுப் பந்தயத்திலும் எண்களைத்தான் பார்த்திருந்தோம். பலகையில் மாறிய எண்கள், சீட்டில் அச்சான எண்கள், கையில் குறைந்துகொண்டே வந்த எண்கள். கண்ணிரண்டும் நன்றாயிருந்தும் அன்று முழுவதும் ஒன்றையும் காணவில்லை. ஊரில் காணவியலாத ஒருவர் நமக்காகக் காத்திருந்தார். சோறு தொண்டையில் இறங்கவில்லை.

மனைவியாரின் வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின. அவை மீண்டு வரப் பதினான்கு மாதங்கள் ஆயின. பொங்கலுக்கு நடக்கவேண்டிய சிகிச்சை ஐந்து மாதம் கழித்து, ஆனியில் நடந்தது. அன்னையாரிடம் நாம் வேறு ஏதேனும் காரணம் சொல்லியிருப்போம். மனைவியார் அதற்கு இசையவில்லை. "உங்கள் வாயால் நீங்களே சொல்லுங்கள். மறைத்து வைத்தால் மறுபடியும் போவீர்கள்" என்றார். சொன்னோம். அன்னையார் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "என் கண்ணை ஐந்து மாதம் அடகு வைத்தாயாக்கும்! வட்டி எங்கேடா?" என்றார். சிறிது பொறுத்து, "அந்தக் குதிரையில் அப்படி என்னதான் இருக்கிறது? எனக்கும் காட்டு" என்றார்.

கட்டுப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி போட்டு, சில வாரங்கள் கழிந்ததும் அன்னையார் பெங்களூர் வந்தார். மனைவியார், அன்னையார், நாம் மூவரும் அக்கோடைப் பருவம் முடியுமுன் ஒருநாள் திடலுக்குச் சென்றோம். எவ்வளவு செலவிடுவது என்பதை மனைவியார் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிப் பணத்தையும் தம் கைப்பையில் வைத்துக்கொண்டார். நம் பையில் ஒரு காசும் இல்லை. அன்னையார் வேலியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குதிரையையும் கண்ணாரப் பார்த்தார். நெற்றியில் வெள்ளைச் சுழியும், பின்கால் ஒன்றில் வெள்ளைக் கணுவும் உடைய செம்மறை ஒன்றைச் சுட்டி, "அதற்குக் கட்டு" என்றார். பத்து ரூபாய்க்கு ஒரே ஒரு சீட்டு. அது நான்காவதாக வந்தது. அன்னையார் அதைச் சிறிதும் பொருட்படுத்தவில்லை. "தோற்றாலும் என்ன அழகாக ஓடிற்று!" என்றார். ஊர் திரும்பிய பிறகு, அச்செம்மறையின் கதையைத் தெருவிலுள்ளோருக்கெல்லாம் அவர் ஆண்டுக்கணக்கில் சொல்லி வந்ததாக அறிந்தோம். பத்து ரூபாய்க்கு அதனினும் மிகுந்த பலனைப் பெற்றவர் ஒருவரையும் நாம் கண்டதில்லை.

அன்று தொட்டு நம் வீட்டில் சில விதிகள் ஏற்பட்டன. பொழுதுபோக்குக்கென்று மாதத் தொடக்கத்தில் எடுத்துவைத்த பணமன்றி வேறு பணம் தொடலாகாது. அதனைப் புறப்படும்போதே செலவென்று கணக்கில் எழுதிவிட வேண்டும். திரும்பி வந்தால் வரவு வைத்துக்கொள்ளலாம். வென்ற பணம் அன்றே மறுபடியும் களத்துக்குப் போகலாகாது. கடன் வாங்கி ஆடலாகாது. இழந்ததை மீட்கச் செல்லலாகாது. தனியே செல்லலாகாது; வீட்டுக்குத் தெரியாமல் செல்லவே ஆகாது. இவற்றுள் எதையேனும் மீற வேண்டும்போல் தோன்றினால், அன்று அது பொழுதுபோக்கன்று என்று தெளிந்து வீட்டிலேயே இருந்துவிட வேண்டும். இவ்விதிகளோடு ஆண்டுக்கு இரண்டொரு முறை சென்று வந்தோம். காலப்போக்கில் அந்த ஆவலும் தானே அடங்கிற்று.

இவ்வளவும் கேட்ட இளைஞர், "அப்படியானால் நான் சொன்னதும் சரிதானே, பெரியப்பா? அளவோடு ஆடினால் செலவுதானே?" என்றார்.

"சரிதான். ஒன்று மட்டும் சொல். நீ ஆடிய ஆட்டங்களில் உன் நினைவில் நிற்பது எது?" என்று கேட்டோம்.

பிள்ளை தலை கவிழ்ந்தார். நெடுநேரத்துக்குப் பின் உண்மை வெளிப்பட்டது. அவர் ஆடியது குதிரைப் பந்தயமன்று. கைப்பேசியில் பணம் கட்டி ஆடும் சீட்டாட்டம். விடுதி அறையில், விளக்கணைத்த பிறகு, போர்வைக்குள் ஆடியிருக்கிறார். ஐந்து மாத ஊதியம் போயிற்று, கடன் வேறு. எந்த ஆட்டத்தையும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லா இரவும் ஒரே இரவாக இருந்ததாம்.

குதிரைப் பந்தயத்துக்காவது ஒரு நேரமுண்டு. ஒரு பந்தயத்துக்கும் மற்றொன்றுக்கும் இடையே அரைமணிப் பொழுது உண்டு. மாலையானால் வாயில் சாத்தப்படும். கைப்பேசிக்கு வாயிலும் இல்லை, மாலையும் இல்லை. பணம் கட்டி ஆடும் இணையவழி ஆட்டங்களைத் தடுக்கும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றியது. அம்மாதம் 22ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். சட்டம் நன்றே. ஆயினும், போர்வைக்குள் நடப்பதைச் சட்டத்துக்கு முன்னே அறியவேண்டியவர்கள் வீட்டாரேயாவர்.

சூதில் தன்னைக் கட்டுப்படுத்த இயலாமை ஒரு நோயென்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஏற்றுக்கொண்டுள்ளது. நோய்க்கு மருத்துவம் உண்டு, நாணத்துக்கு இடமில்லை. நம் பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இத்தகைய பழக்கங்களுக்குச் சிகிச்சை அளிக்கின்றனர். 2022இல் மைய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். அடுத்த வாரமே பிள்ளையை நாமே உடனழைத்துச் சென்று வந்தோம். அவருடைய தந்தையாருக்கும் அவர் வாயாலேயே சொல்லச் செய்தோம். மனைவியாரின் பழைய விதி அது.

வேற்றூரில் வாழும் நமக்குத் தனிமை மிகுதி. தனிமையில் பொழுதைப் போக்க வழி தேடுவது குற்றமாகாது. கொடுத்த காசுக்கு ஏற்ற களிப்பு கிடைத்ததா என்று அறிய ஒரு வழியை மட்டும் நம் மனைவியார் அன்று கற்றுக்கொடுத்தார். உங்கள் பிள்ளையோ, கணவரோ, தம்பியோ எங்கேனும் பணம் செலவிட்டு வீடு திரும்பினால், எவ்வளவு போயிற்று என்று முதலில் கேளாதீர்கள். அங்கே என்ன கண்டீர்கள் என்று கேளுங்கள். கண்டதைச் சொல்ல வாய் திறந்தால் கவலையில்லை. சொல்ல ஒன்றுமில்லையென்றால், அன்றிரவே அருகில் அமர்ந்து பேசத் தொடங்குங்கள்.